மூன்று சாக்கு

போன வாரம் என் மேஜைக்கு ஒரு கோரிக்கைத் தாள் வந்தது. புதிதாகச் சேர்ந்திருக்கும் கால்நடை மருத்துவர் 'ஹன்டிங் நைஃப், உயர்தரம், ஒன்று' என்று கேட்டிருந்தார். இணையத்தில் பார்த்த படத்தையும் அச்செடுத்து இணைத்திருந்தார். கறுப்புக் கத்தி, முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் ஒரு திசைகாட்டி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிட்டத்தட்ட அதே கத்தி என் ஸ்டோர்ஸ் அலமாரியின் கீழ்த்தட்டில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. வாங்கியவன் நான். வேண்டாம் என்று திருப்பித் தந்தவர் ஒரு டாக்டர். தாளின் ஓரத்தில் இப்படி எழுதி அனுப்பினேன்: 'சனிக்கிழமை நேரில் வரவும். சிறிது தேங்காய் எண்ணெய் கொண்டுவரவும்.' அவர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

தெற்கு டெல்லியில் ஒரு சின்ன மான் வளாகம். அங்கே எனக்கு ஸ்டோர்ஸ் வேலை. தீவனம், மருந்து, துடைப்பம், கம்பிவலை எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் சைக்கிளில் வருவேன். கத்தியைத் திருப்பித் தந்த அந்த டாக்டர் நாகர்கோவில் பக்கத்துப் பெண்மணி. நாற்பது வயது இருக்கும், உயரம் ஐந்தடி இருக்காது. ஞாயிறு காலை சர்ச், மற்ற ஆறு நாளும் மான். அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "எம் பேரு எதுக்கு சார் அங்க?" என்று நாகர்கோவிலிலிருந்தே போன் செய்து கேட்கக்கூடியவர்.

அவர் வந்து சேர்ந்த இரண்டாம் நாளே ஒரு கிழட்டு மான் செத்துப்போனது. செத்த மானை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதவேண்டியது டாக்டரின் வேலை. மானைத் தரையில் கிடத்த ஒரு பழைய கோணி வேண்டியிருந்தது. அப்போது அவருக்குத் தெரிந்த ஹிந்தி பத்து வார்த்தை. மீதியைத் தமிழில் நிரப்பிக்கொள்வார். தீவனம் வைக்கும் கிஷனைக் கூப்பிட்டு, "கிஷன் பையா, ஏக் புரானா சாக்கு லாவோ, ஜல்தி" என்றார். எங்கள் திருச்சிப் பக்கம் சாக்கு என்றால் 'ஸாக்கு' என்று மெல்ல வரும். அவர் ஊரில் 'ச்சாக்கு' என்று அழுத்துவார்கள். ஹிந்தியில் சாக்கு என்றால் கத்தி. கிஷன் கேன்டீனுக்கு ஓடி, வெங்காயம் நறுக்கி நறுக்கித் தேய்ந்து ஒரு விரல் அகலத்துக்கு வந்துவிட்ட ஒரு பழைய கத்தியோடு மூச்சிரைக்க வந்து நின்றான்.

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலைக் குறுக்கே வைத்துக் கூர் பார்த்தார். "கோணி கேட்டா கத்தி வருது. பரவாயில்ல, இதுவும் வேண்டியதுதானே" என்று அதை வைத்தே மானை அறுத்து முடித்தார். முடித்தவர் கத்தியைத் திருப்பித் தரவில்லை. கேன்டீன்காரர் என்னிடம் வந்து கத்தினார். நான் டாக்டரிடம் போனேன். எங்கள் பழக்கம் இப்படித்தான் ஆரம்பித்தது.

"தர மாட்டேன் சார். அவருக்குப் புதுசு ஒண்ணு வாங்கிக் குடுங்க. செத்த மான அறுத்த கத்தியில இனி வெங்காயம் வெட்டுனா நீங்க திம்பியளா?"

தின்னமாட்டேன்தான். கேன்டீன்காரருக்குப் புதுக் கத்தி வாங்கிக் கொடுத்தேன்.

ஒரு வருஷத்தில் அந்த வெங்காயக் கத்தி முற்றிலும் தேய்ந்துவிட்டது. முறைப்படி கோரிக்கை கொடுத்தார். எனக்கோ உற்சாகம். துடைப்பமும் பினாயிலும் வாங்கியே சலித்தவன் நான். மூன்று இடத்தில் விலை கேட்டு, இருப்பதில் பிரமாதமான ஒன்றை வரவழைத்தேன். அதுதான் அந்தக் கறுப்புக் கத்தி. பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரன் செத்த மானின் கொம்பைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான். டாக்டர் கத்தியை வெளியே எடுத்து, ஒரு சாண் நீள அலகைப் பார்த்தார், ரம்பத்தைப் பார்த்தார், பிடியைத் திருகித் திசைகாட்டியையும் பார்த்தார்.

"சார், இத வச்சு நான் மான அறுக்கவா, இல்ல காட்டுல வழி கண்டுபிடிக்கவா?"

"வேட்டைக்காரங்களே இதைத்தான் வாங்குறாங்களாம் டாக்டர்."

"வேட்டைக்கு வேணும்னா இருக்கட்டும். அறுக்கதுக்கு இது ஆகாது. வேட்டைக்காரனுக்கு கறி கெட்டுப்போகக் கூடாது, எனக்கு சாட்சி கெட்டுப்போகக் கூடாது. ரெண்டு பேருக்கும் இரைப்பை கிழியக் கூடாது. இந்த நீளத்த உள்ள விட்டா முனை எங்க போய் குத்துதுன்னு யாருக்குத் தெரியும்?"

அந்தச் சனிக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு சாவ்டி பஜாருக்குப் போனார். இரும்புச் சாமான் கடைகளுக்கு நடுவே ஒரு சந்தில் கத்திக் கடை. தாடி வைத்த கடைக்கார பாய் எங்களைப் பார்த்ததும் காய்கறிக் கத்திகளை எடுத்துப் பரப்பினார். டாக்டர் தலையை ஆட்டிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். தேங்காய் எண்ணெய். வலது உள்ளங்கையில் நன்றாகத் தேய்த்துக்கொண்டு ஒவ்வொரு கத்தியாகப் பிடித்து முறுக்கிப் பார்க்க ஆரம்பித்தார். வழுக்கியதெல்லாம் ஒரு பக்கம், வழுக்காதது மறுபக்கம்.

"ரத்தக் கையில இப்படித்தான் இருக்கும் சார். கடையில உலந்த கையோட பிடிச்சா எல்லாக் கத்தியும் நல்ல கத்திதான்."

பித்தளைப் பூண் போட்ட எலும்புப் பிடி ஒன்றை பாய் ஆசையாக நீட்டினார். எனக்கும் அது பிடித்திருந்தது. "அழகா இருக்கு. ஆனா அந்த இடுக்குல அழுக்கு போய் உக்காந்தா நான் எதால தோண்ட?" என்று வைத்துவிட்டார். மடக்குக் கத்திக்கும் அதே தீர்ப்பு. மரப்பிடி ரத்தத்தைக் குடிக்கும் என்று அதுவும் போனது. கடைசியில், கசாப்புக்காரர்கள் ஆட்டுத்தோல் உரிக்க வாங்குவது என்று ஒரு மூலையில் குவித்திருந்ததிலிருந்து ஒன்றைப் பொறுக்கினார். சொரசொரப்பான கறுப்புப் பிளாஸ்டிக் பிடி. நாலு விரல் நீள அலகு, வயிறு கொஞ்சம் வளைந்து, முனை லேசாகக் கீழே இறங்கியிருந்தது. அலகு பிடிக்குள் கடைசிவரை ஓடுகிறதா என்று தட்டிப் பார்த்தார். எஃகு எப்படி என்று பாயிடம் கேட்டார். ரொம்ப உசத்தி இல்லை, சீக்கிரம் மழுங்கும் என்று பாய் உண்மையைச் சொன்னார்.

"மழுங்கட்டும். சீக்கிரம் மழுங்குறது சீக்கிரம் தீட்டவும் வரும்" என்று அதையே எடுத்தார். எங்கள் இரண்டு பேரின் மதியச் சாப்பாட்டைவிட விலை குறைவு. பாய் தன் கடைத்துண்டையே எடுத்து அவர் கை எண்ணெயைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் கத்தி வாங்கத் தெரிந்து வந்த முதல் அம்மா என்று என்னிடம் ஹிந்தியில் சொன்னார். நான்தான் என்னவோ அவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்ததுபோல் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அந்தக் கத்தி அவரோடு எங்கேயும் போகும் என்று ஒரு புரளி. கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டில் கேக் வெட்டும்போது என் மனைவி, "இது அந்தக் கத்தி இல்லையே டாக்டர்?" என்று கேட்டேவிட்டாள். டாக்டர் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு, "கழுவிட்டுத்தான் வச்சிருக்கேன்" என்றார். யாரும் கேக்கைத் தொடவில்லை. பிறகு அவரே தாங்காமல் சிரித்துவிட்டார்.

கத்தி அவருக்கு ஒரு சாமான் மட்டும் இல்லை. திறந்து பார்க்காமல் யாரும் எதையும் சொல்லிவிடக் கூடாது என்பது அவர் கட்சி. மின்விசிறி ஓடவில்லையா, மோட்டாரைத் திறந்து பார்த்தாச்சா என்பார். குழந்தைக்குக் காய்ச்சலா, தொண்டையைத் திறந்து பார்த்தாச்சா என்பார். ஒருமுறை ஸ்டோர்ஸில் தீவனம் சீக்கிரம் சீக்கிரமாகத் தீர்ந்தது. மேலே கேட்டபோது நான் எலித் தொல்லை என்று சொல்லிவிட்டேன். டாக்டர் காதில் விழுந்தது. நேரே கோடவுனுக்கு வந்தார்.

"சாக்கு சொல்லாண்டாம் சார். சாக்கு எடுத்துப் பாப்பம்."

கத்தியை எடுத்து நடுவிலிருந்த ஒரு மூட்டையைக் கிழித்தார். மேலே ஒரு சாண் தீவனம், கீழே மணல் கலந்த உமி. அனுப்பியவன் ஏமாற்றியிருக்கிறான், நான் எலியின் மேல் பழியைப் போட்டிருக்கிறேன். நான் சாக்கு சொன்னதற்காக அவர் சாக்கை எடுத்துச் சாக்கைக் கிழித்தார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் இது ஒரு விளையாட்டு வார்த்தை ஆயிற்று. நான் தாமதமாக வந்து சைக்கிள் பங்சர் என்று ஆரம்பித்தால், "எந்தச் சாக்கு சார் இது?" என்பார்.

டெல்லியில் இப்படி வார்த்தை குழம்பும் தொல்லை எல்லாத் தமிழ்க்காரர்களுக்கும் உண்டு. என் மனைவி ஊரிலிருந்து வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் மகளையும் மான் பார்க்க அழைத்துவந்திருந்தேன். மகளுக்கு அப்போது நாலு வயது. தமிழ்க் கடையில் வாங்கிய முறுக்கை மஞ்சள் பையோடு கம்பிவலைக்கு மேலே வீசினாள். தூரத்திலிருந்து கிஷன் ஓடிவந்து, "பிட்டியா, பன்னி நஹீ! பன்னி நஹீ!" என்று கத்தினான். இங்கே பன்னி என்றால் பாலிதீன் பை, அதைப் போடாதே என்கிறான். என் மனைவியோ, தன் பெண்ணைப் பன்றி என்று திட்டுகிறான் என்று நினைத்து அழுதுவிட்டாள். விஷயம் தெரிந்த பிறகும் அவளுக்குக் கிஷன் மேல் மனம் ஆறவில்லை. எனக்கும்தான், எல்லார் முன்னாலும் ஒரு தினக்கூலி ஆள் என் குடும்பத்தை அதட்டினானே என்று. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை போவதையும் விடவில்லை, பையோடு வீசுவதையும் விடவில்லை.

பிறகு அந்த மே மாதம் வந்தது. டாக்டர் தங்கை கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். அவர் இல்லாத பத்து நாளில் மூன்று மான் செத்தது. வெயில் நாற்பத்தைந்தைத் தொட்டிருந்தது. தண்ணீர் இல்லாமல்தான் செத்திருக்கும் என்று எங்கள் மேலதிகாரி முடிவு செய்தார். அறுத்துப் பார்க்க ஆள் இல்லை, மூன்றையும் புதைத்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பொறுப்பு கிஷன். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குத் தொட்டி காலியாகக் கிடந்ததை ஒரு ஆள் கண்ணால் பார்த்திருந்தான். அந்த ஆள் நான். பார்த்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் எழுதும்போது கைக்கு ஒரு சுறுசுறுப்பு இருந்தது. அது அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைக் கோபம் என்று இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

கிஷன் பதினோரு வருஷமாகத் தினக்கூலி. வேலிக்குப் பின்னால் ஒரு அறையில் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் இருந்தான். வேலை போனால் அறையும் போகும். விசாரணையில் என்ன கேட்டாலும், தண்ணீர் வைத்தேன் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீக்கும் உத்தரவு தயாராகிவிட்டது. வெள்ளிக்கிழமை கையெழுத்து.

வியாழக்கிழமை காலை நான்காவது மான் செத்தது. அன்றுதான் டாக்டரின் ரயில் நிஜாமுதீன் வந்தது. வீட்டுக்குப் போகாமல், பெட்டியும் பலாப்பழ வாசனையுமாக நேரே வந்து இறங்கினார். மேலதிகாரி அவரிடம், காரணம் தெரிந்துவிட்டது, அறுக்கவேண்டிய அவசியம் இல்லை, புதைத்துவிடலாம் என்றார். டாக்டர் அதற்கு ஹிந்தியில் மரியாதையாகப் பதில் சொன்னார். இப்போது அவர் ஹிந்தி நன்றாகத் தேறியிருந்தது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது சார், மானைக் கேட்டு நானும் தெரிந்துகொள்கிறேன் என்று. என் பக்கம் திரும்பி, "நீங்களும் வாங்க சார். சாட்சி சொன்னவுகல்லா" என்றார்.

வேப்பமரத்தடியில் கோணி விரித்து மானைக் கிடத்தினார்கள். மேலதிகாரி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். கிஷன் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். டாக்டர் அந்தச் சின்னக் கத்தியை எடுத்தார். தோலில் ஒரு சின்ன வாய் திறந்து, இடது கையின் இரண்டு விரலை உள்ளே விட்டார். விரல்களுக்கு நடுவே கத்தியை, கூர் மேலே பார்க்க வைத்து, மெல்ல நகர்த்தினார். கத்தி முனை எங்கே இருக்கிறது என்று அவர் விரலுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. என் கறுப்புக் கத்தியாக இருந்தால் இந்நேரம் எல்லாம் கிழிந்து கலந்திருக்கும். இரைப்பையை ஒரு கீறல் இல்லாமல் முழுசாக வெளியே எடுத்துக் கோணிமேல் வைத்தார்.

"அமுக்கிப் பாருங்க."

கையுறை போட்டுக்கொண்டு அமுக்கினேன். மாவு மூட்டைபோல் மெத்தென்று இருக்கும் என்று எதிர்பார்த்தேன். உள்ளே பந்துபோல் கெட்டியாக ஒன்று கையில் தட்டியது.

திறந்தார். முதலில் தண்ணீர் வழிந்தது. "தண்ணி இல்லாம செத்த மான் சார் இது. தண்ணி எங்கேருந்து வந்துன்னு கேளுங்க" என்றார். பிறகு அந்தப் பந்து. பாலிதீன். ஒன்றோடொன்று முறுக்கி, கயிறாகத் திரிந்து, ஒரு தேங்காய் அளவுக்கு. இதை வயிற்றில் வைத்துக்கொண்டு எந்தப் பிராணியும் எதையும் செரிக்க முடியாது, நிறைந்த வயிற்றோடு பட்டினியால் செத்திருக்கிறது என்றார்.

கிஷனிடம் தொட்டியைப் பற்றிக் கேட்டார். செவ்வாய்க்கிழமை அனுமாருக்கு விரதம் இருப்பவர்கள் காலையில் கூட்டமாக வந்து மானுக்கு வாழைப்பழமும் கடலையும் போடுவார்களாம், மிச்சத்தைத் தொட்டியில் எறிவார்களாம். அவர்கள் போனதும் தொட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி மறுபடி நிரப்புவது அவன் வழக்கம். நான் பார்த்தது அந்த அரைமணி நேரத்தை. தொட்டியை மட்டும் பார்த்தேன், பின்னால் தென்னந்துடைப்பத்தோடு குனிந்திருந்தவனைக் கேட்கவில்லை.

டாக்டர் பந்தைப் பிரித்து ஒவ்வொரு பையாகக் கோணியில் விரித்துக்கொண்டே போனார். சிப்ஸ் பை, பால் கவர், வாழைப்பழப் பை. அடுத்து ஒரு மஞ்சள் துண்டு. அதைத் தண்ணீரில் அலசினார். சிவப்பு எழுத்து பாதி அழிந்து பாதி நின்றது. மேலதிகாரி குனிந்து பார்த்து, இது என்ன மொழி என்று கேட்டார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "சார், நீங்க வாசிங்க. எனக்குக் கண்ணாடி இல்ல."

அவர் கண்ணாடியே போடாதவர்.

'…றி. மீண்டும் வரு…' என்று இருந்தது. எங்கள் தமிழ்க் கடைப் பை. என் வாயில் ரெடியாக ஒன்று வந்து நின்றது. டெல்லியில் எத்தனையோ தமிழ்க் குடும்பம் இருக்கிறது, அந்தக் கடைக்கு எல்லாரும்தான் போகிறார்கள். சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க முடியாது. டாக்டர் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இவன் சரியாகச் செய்துவிடுவான் என்கிற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை என்னால் தாங்கமுடியவில்லை.

"நன்றி, மீண்டும் வருக" என்று படித்தேன். பிறகு ஹிந்தியில் மேலதிகாரியிடம் சொன்னேன். "இது நாங்கள் வாங்கும் கடை சார். நானும் என் பெண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் பையோடு வீசியிருக்கிறோம். கிஷன் வேண்டாம் என்றுதான் சொன்னான்."

அன்று மதியமே என் முதல் அறிக்கையைத் திரும்பப் பெற்று வேறொன்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி முணுமுணுத்தார், ஆனால் உத்தரவைக் கிழித்துப் போட்டார். கிஷன் வேலையில் இருந்தான். இப்போதும் இருக்கிறான். செவ்வாய்க்கிழமைதோறும் தொட்டியைத் தேய்க்கிறான்.

டாக்டர் இரண்டு வருஷம் கழித்துத் தெற்கே மாற்றலாகிப் போய்விட்டார். கத்தியைக் கிஷனிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவரைவிடப் படித்தவர்களை, பெரிய பதவியில் இருப்பவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவரளவு யாரையும் மதித்ததில்லை. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வியாழக்கிழமை சாயங்காலம்தான்.

குழாயடியில் கிஷன் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் டாக்டர் முழங்கைவரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். மன்னிப்பு கேட்கத்தான் போனேன், வாயில் வந்ததோ கேள்வி. என் பெண் பை வீசியதை நீ பார்த்திருக்கிறாய், நான் உன்மேல் எழுதிக் கொடுத்தபோது அதைச் சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லவில்லை என்று ஹிந்தியில் கேட்டேன்.

கிஷன் தலையை நிமிர்த்தவில்லை. "போல்தா தோ பஹானா லக்தா, சாப்" என்றான். சொன்னால் அது தப்பிக்கச் சொல்வதுபோல் இருக்கும் என்று அர்த்தம்.

டாக்டர் சோப்பு நுரையோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "கேட்டியளா சார்? பஹானாக்குத் தமிழ்ல என்ன?"

என் வாயிலும் அவர் ஊர்க்காரர்கள் சொல்வதுபோலவே அழுத்தித்தான் வந்தது.

"ச்சாக்கு."

கிஷன் நிமிர்ந்தான். கத்தி எனக்குத்தான் வேண்டுமோ என்று நினைத்திருக்கவேண்டும். கத்தியைச் சட்டையில் துடைத்து, கூர் தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, பிடியை என் பக்கம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டேன்.